கிடாரத்தின் அடியில் மூன்று சதுரங்கள்

மூவாயிரம் வருடத்துப் பழைய பாத்திரம் ஒன்றை வெறுங்கையால் தொட்டதற்காக என்மேல் ஓர் அறிக்கை எழுதப்பட்டிருக்கிறது. ரொறொன்ரோவின் அருங்காட்சியகம் ஒன்றில், ஏதோ ஓர் அலுமாரியில், என் பெயர் போட்டு அது இன்னும் கிடக்கும். கிடக்கட்டும். பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களுக்குப் பக்கத்தில் அதையும் சட்டம் போட்டு மாட்டலாம் என்று என் கணவரிடம் ஒருமுறை சொன்னேன். சுவரில் இடமில்லை என்றார்.

அந்த அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பொருள்களைக் காட்டி விளக்கும் தொண்டர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒருநாள் வேலை, சம்பளம் கிடையாது. கழுத்தில் ஒரு பட்ஜ் தொங்கும், அவ்வளவுதான். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அவர்களை அங்கே கூட்டிப்போன ஒருநாளில், என் வயதுப் பெண் ஒருத்தி அந்தப் பட்ஜோடு நின்று பேச, இருபது பேர் வாயை மூடிக்கொண்டு கேட்பதைக் கண்டேன். என் வீட்டில்கூட அப்படி ஒன்று நடந்ததில்லை. அன்றைக்கு விழுந்த ஆசை. வேலையிலிருந்து நின்று, பிள்ளைகளும் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போனபிறகு, அறுபத்தொரு வயதில் விண்ணப்பம் போட்டேன். விண்ணப்பத்தில் ஒரு பொய்யும் எழுதினேன்.

முன்னர் செய்த தொழில் என்ற இடத்தில், தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர் என்று எழுதியிருந்தேன்.

உண்மை இதுதான். இருபத்திரண்டு வருடம் நான் ஸ்காபரோவில் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். தெருக்களுக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்களைத் திறந்து மூடுகிற பெரிய வால்வுகளை அங்கே வார்ப்பார்கள். உருகிய இரும்பை அச்சுக்குள் ஊற்றினால் அது முழுக் கட்டியாகத்தான் இறுகும். உள்ளே தண்ணீர் போக வழி வேண்டுமே. அதற்காக, வெறுமையாக இருக்கவேண்டிய இடத்தின் அளவுக்கு மணலால் ஓர் உள்ளச்சுச் செய்து அச்சின் நடுவில் வைப்பார்கள். இரும்பு அதைச் சுற்றி ஓடி இறுகியபிறகு மணலை உதிர்த்துக் கொட்டிவிடுவார்கள். அந்த உள்ளச்சுக்குக் கோர் என்று பெயர். நான் கோர் செய்கிறவள். நான் செய்தது எதுவும் அந்தத் தொழிற்சாலை வாசலைத் தாண்டி வெளியே போனதில்லை, எல்லாம் உதிர்ந்து குப்பைக்குப் போயிற்று. வெளியே போனவை நான் செய்த ஓட்டைகள் மட்டும்தான். இந்த நகரத்தில் நீங்கள் குடித்த தண்ணீர் அவற்றில் ஒன்றுக்குள்ளால் வந்திருக்கவும் கூடும்.

இதை இப்போது இப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதுகிறேன். அந்த இருபத்திரண்டு வருடமும் வாய் திறந்ததில்லை. எங்கள் சனம் ஒருவரைப் புதிதாகக் கண்டால் முதல் கேள்வி ஊர் எது, இரண்டாவது கேள்வி வேலை என்ன. கல்யாண மண்டபத்தில் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டாவது கேள்விக்கு, "கொம்பனியொண்டில குவாலிட்டி செக் பண்ணுறன்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! முழுப் பொய்யும் இல்லை. நான் செய்த கோரை நானேதான் செக் பண்ணினேன். கோர் அச்சுப் பெட்டிகள் நெருப்பாய்ச் சுடும். முழங்கை வரைக்கும் எனக்குத் தழும்புகள். விசேஷங்களுக்கு நீளக் கைச் சட்டைதான் தைத்துப் போடுவேன். அதையும் மீறிக் கண்டவர்களிடம் அடுப்பில் சுட்டது என்பேன். இவளுக்குச் சமைக்கவே தெரியாது என்று சனம் நினைத்திருக்கும். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன்.

பயிற்சிக்கு எட்டுப் பேர் வந்திருந்தோம். என்னைத் தவிர இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இருந்தார். கொழும்பில் வங்கி மனேச்சராக இருந்து ஓய்வுபெற்று மகளோடு வந்து தங்கியவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், அக்கா என்று கூப்பிட்டேன். முதல் நாள் தேநீர் இடைவேளையில் அந்த இரண்டாவது கேள்வி வந்தது.

"நீர் எங்க வேலை செய்தனீர்?"

"கொம்பனியொண்டில, அக்கா. குவாலிட்டி சுப்பவைசர்."

"அப்ப ஒபிஸ் வேலை."

"ஓம்."

அந்த ஓம் நாலு மாதம் என் தொண்டைக்குள் கிடந்தது.

ஆளுக்கொரு பொருளை ஒதுக்கி, ஒரு கையேட்டையும் தந்து, அதைப்பற்றிப் படித்து வரச் சொன்னார்கள். பயிற்சியின் முடிவில் எல்லோருக்கும் முன்னால் பத்து நிமிடம் அதைப்பற்றிப் பேசவேண்டும். அதுதான் சோதனை. அதில் தேறினால் பட்ஜ். மற்றவர்களுக்கு ஓவியம், பட்டுத் துணி, வெள்ளைக் களிமண் குதிரை என்று நல்ல நல்ல சாமான்கள் விழுந்தன. எனக்கு ஒரு வெண்கலக் கிடாரம்.

முதலில் முகம் சுழித்தேன். உருண்ட வயிறு, தடித்த மூன்று கால்கள், விளிம்பில் இரண்டு காதுகள். பத்துப் பேருக்குச் சோறாக்குகிற பானை அளவு இருக்கும். உடம்பெல்லாம் பச்சை பூத்துப்போய் இருந்தது. அதன் வயிற்றில் நாடியே, கீழ்த்தாடையே இல்லாத ஒரு முகம், இரண்டு பிதுங்கிய கண்களால் போகிறவர் வருகிறவரை முறைத்துக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு பக்கம் நான் முறைக்கிறேன், இங்கே இது முறைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

படிக்கப் படிக்க அதன்மேல் ஒட்டுதல் வந்தது. ஷாங் என்ற அரச வம்சத்துக் காலத்தில், வட சீனாவில் செய்தது. உயிரோடு இருப்பவர்கள் சாப்பிடுவதற்காகச் செய்ததல்ல. இறந்துபோன தகப்பனுக்கும் பாட்டனுக்கும் இறைச்சி சமைத்துப் படைக்கிற பாத்திரம். அவர்களுடைய வாரத்துக்குப் பத்து நாள். ஒருவர் இறந்தால் அந்தப் பத்து நாளில் ஒன்றின் பெயரை அவருக்குச் சூட்டிவிடுவார்கள். அந்த நாள் வரும்போது அவருக்குப் படையல். எங்கள் வீட்டில் என் மாமனாரின் திவசம் வந்தால் கணவர் இரண்டு பஞ்சாங்கத்தையும் கைப்பேசியையும் வைத்துக்கொண்டு, கனடா நேரத்துக்குத் திதி எப்போது தொடங்குகிறது என்று ஒரு கிழமை முழுக்க, ஏழு நாளும் ஆராய்ச்சி செய்வார். அந்தச் சீனருக்கு இந்தத் தலையிடி இல்லை. செத்தவரின் பெயரே நாளைச் சொல்லிவிடும். நல்ல ஏற்பாடு என்று எனக்குப் பட்டது.

பாத்திரத்தின் உட்சுவரில் சில எழுத்துகள் இருக்கின்றன. இன்னார் தன் தகப்பனுக்காக இந்தப் பாத்திரத்தைச் செய்வித்தார் என்று பொருள். அது எந்தக் கல்லறையிலிருந்து எடுக்கப்பட்டது, எத்தனை வியாபாரிகளின் கை மாறி ரொறொன்ரோவுக்கு வந்தது என்பது ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அகதியாக வந்த எங்களில் பலரைப்போல அதுவும் ஒழுங்கான பேப்பர் இல்லாமல்தான் இங்கே வந்திருக்கிறது. ஆனால் எனக்குக் கோபம் வந்தது அதனால் அல்ல. செய்வித்தவன் பெயர் மூவாயிரம் வருடமாக உள்ளே குந்திக்கொண்டிருக்கிறது, செய்தவன் பெயர் எங்கேயும் இல்லை. அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுக் கையேட்டைப் படாரென்று மூடினேன்.

கையேட்டில் இன்னொரு வரியும் இருந்தது. பாத்திரத்தின் அடியில் காணப்படும் சிறிய சதுரங்கள் பிற்காலத்தில் ஓட்டை அடைத்த அடையாளங்கள் என்று. பாத்திரம் கண்ணாடிப் பெட்டிக்குள் மேடைமேல் இருந்ததால் அடியைப் பார்க்க வழியில்லை. நானும் அந்த வரியை அப்படியே பாடமாக்கினேன்.

மூன்றாம் மாதம் அந்தக் கண்ணாடிப் பெட்டியை மாற்றினார்கள். அதற்காகக் கிடாரத்தை வெளியே எடுத்துப் பின்னாலுள்ள வேலையறையில் வைத்திருந்தார்கள். கிட்டப் பார்க்க இப்படி ஒரு வாய்ப்பு இனி வராது என்று எங்களைக் கூட்டிப்போனார்கள். முழங்கால் உயரத் தள்ளுவண்டியில், மெத்தென்ற விரிப்பின்மேல் அது இருந்தது. சீனப் பிரிவின் காப்பாட்சியர், நாற்பது வயது மதிக்கத்தக்க உயரமான பெண், எல்லோரையும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். கட்டினோம். இன்னும் கிட்ட வாருங்கள் என்றார். வந்தோம். வந்த வேகத்தில் என் சப்பாத்தின் நுனி தள்ளுவண்டியின் கீழ்ச் சட்டத்தில் இடித்தது.

பலமாக ஒன்றும் இல்லை. பாத்திரம் அசையக்கூட இல்லை. ஆனால் கால் பட்டுவிட்டது. அதுவும் இறந்தவர்களுக்குப் படைத்த பாத்திரம் இருக்கிற வண்டியில். புத்தகத்தில் கால் பட்டால், விளக்கில் கால் பட்டால், பக்கத்தில் இருக்கும் ஆளில் கால் பட்டால் என்ன செய்வோமோ அதை என் உடம்பு என்னைக் கேட்காமலே செய்துவிட்டது. பின்னால் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. குனிந்தேன், விரல் நுனியால் கிடாரத்தின் காலைத் தொட்டேன், தொட்ட விரலை இந்தக் கண்ணிலும் அந்தக் கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.

என் முழங்கால்கள் குனிந்தால் உடனே நிமிர விடாதவை. அந்தச் சில செக்கன்களில் இரண்டு காரியம் நடந்தது. முதலாவது, கிடாரத்தின் காலில் என் விரலுக்குக் கீழே மெல்லிய ஒரு கோடு ஓடியதை உணர்ந்தேன். அச்சின் இரண்டு துண்டுகள் சந்திக்கிற இடத்தில் உலோகம் கசிந்து வருகிற கோடு அது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் எனக்கு அது தெரியும். இரண்டாவது, நான் குனிந்திருந்ததால் மற்ற ஏழு பேருக்கும் தெரியாத பாத்திரத்தின் அடி எனக்குத் தெரிந்தது. அங்கே மூன்று சதுரங்கள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகமளவு. ஒவ்வொன்றும் சரியாக இரண்டு கால்களுக்கு நடுவில், நடுப்புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில்.

ஓட்டை அடைத்தவையாம்! அவை முண்டுகள்.

உருகிய உலோகம் ஓடிவரும்போது கோர் மிதக்கப் பார்க்கும், அல்லது ஒரு பக்கம் சாயப் பார்க்கும். சாய்ந்தால் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் கடதாசிபோலவும் வந்துவிடும். அதனால் கோருக்கும் வெளியச்சுக்கும் இடையில் சின்னச் சின்ன உலோகத் துண்டுகளைச் செருகி இடைவெளியைப் பிடித்து வைப்போம். ஊற்றும்போது அவை உலோகத்தோடு ஒட்டி அங்கேயே இருந்துவிடும். எங்கள் கோர் றூமில் இருந்த தமிழ்ப் பெண்கள் அதை முண்டு என்போம். எத்தனை ஆயிரம் வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நான் நிமிர்ந்தபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியை நடத்திய பெண்மணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்கள் அதைத் தொட்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓம்" என்றேன். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது.

"தொட்டுவிட்டுக் கண்ணையும் தொட்டீர்களா?"

பழைய பாத்திரங்களில் என்னென்ன நஞ்சு இருக்குமோ தெரியாது என்று என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப்போய்ப் பதினைந்து நிமிடம் கண்ணைக் கழுவவைத்தார்கள். என்ன நடந்தது என்று அக்காவுக்கு மட்டும் விளங்கியிருந்தது. நான் குனிந்த அதே நேரத்தில் அவருடைய வலது கையும் பின்னாலிருந்து கழன்று பாதிவழி வந்து நின்றதை நான் கண்டேன். கால் பட்டது எனக்கு, கை வந்தது அவருக்கும். ஆனால் வங்கி மனேச்சர் அல்லவா, அந்தக் கையால் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வதுபோலச் சமாளித்துவிட்டார்.

அன்றே அறிக்கை எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். பயிற்சியை நடத்தியவர் நல்லவர், குரலை உயர்த்தவில்லை. ஆனால் தெளிவாகச் சொன்னார். இறுதிப் பேச்சு வரைக்கும் என்னை வைத்திருப்பார்கள். இன்னொரு தவறு நடந்தால் பட்ஜ் கிடையாது. பேச்சில் கையேட்டில் உள்ளதை விட்டு விலகவேண்டாம்.

எங்கள் வீடு இருக்கும் அஜக்ஸுக்கு வரும் ரெயினில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தேன். வீட்டில் கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, கண் சிவந்து கிடக்கு? அழுதனீரோ?"

"கால் பட்டிட்டுது. தொட்டுக் கும்பிட்டிட்டன்."

"எதை?"

"அந்தக் கிடாரத்தை."

வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நல்ல காலம், தேங்காய் உடைக்கேல்லை" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சத்தம் போட்டேன். "நான் என்ன சொல்லுறன், நீங்கள் என்ன சிரிக்கிறியள்? அதில ஓட்டை அடைச்சதெண்டு எழுதி வைச்சிருக்கினம். அது ஓட்டையில்லை, முண்டு. அந்தக் காலத்தில கோர் செய்து முண்டு வைச்சு வாத்திருக்கிறாங்கள். எங்களைப்போல."

"உதுவும் தமிழன் செய்ததெண்டு சொல்லப்போறீரோ?"

"பகிடி விடாதேங்கோ. சீனாக்காரன்தான் செய்தவன். வடிவாச் செய்திருக்கிறான்."

"அப்ப அதைச் சொல்லுமன் அங்க."

"சொன்னா, உனக்கு எப்பிடித் தெரியுமெண்டு கேப்பினம்."

அவர் திரும்பவும் உரிக்கத் தொடங்கினார். பிறகு வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இருவத்திரண்டு வருசமும் காலமை அஞ்சு மணிக்கு உம்மைக் காரில கொண்டுபோய் இறக்கினது நான். நான் ஒரு ஒபிஸிலயும் இறக்கேல்லை."

அடுத்த மூன்று கிழமையும் இரண்டு பேச்சுத் தயாரித்தேன். ஒன்று கையேட்டின்படி. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொன்னால் ஒரு பிழையும் வராது, பட்ஜ் நிச்சயம். மற்றது உண்மையின்படி. அதைச் சொன்னால் பட்ஜும் போகலாம், அக்காவுக்கு முன்னால் மானமும் போகும். அக்காவுக்குத் தெரிந்தால் பிறகு கோயில், கல்யாண வீடு, சாமத்தியவீடு எல்லா இடமும் தெரிந்தமாதிரித்தான். விண்ணப்பத்தில் பொய் எழுதியவளை வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். கையேட்டின்படி பேசுவது என்று நாலைந்து தரம் முடிவெடுத்தேன். ஒவ்வொரு தரமும் ஓட்டை அடைத்தவை என்ற அந்த வரியில் வந்து நாக்கு இடறியது. ஒருவன் அளவெடுத்து, மூன்று காலுக்கும் நடுவில் பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்த முண்டு. பெயரைத்தான் எழுதவில்லை. அவன் செய்த நல்ல வேலையையும் ஓட்டை என்று எழுதலாமா? என் கோரை யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

சோதனை நாள் வந்தது. கிடாரம் புதிய பெட்டிக்குள் மேடையில் ஏறியிருந்தது. இந்தப் பெட்டிக்கு அடியிலும் கண்ணாடி. முழங்காலில் நின்று பார்த்தால் அடி தெரியும். பயிற்சி நடத்தியவர், காப்பாட்சியர், என்னோடு படித்த ஏழு பேர் என்று ஒன்பது பேர் அரைவட்டமாக நின்றார்கள். அக்கா முன்வரிசையில், கம்பளிச் சால்வையோடு.

ஷாங் காலம் சொன்னேன். பத்து நாள் வாரம் சொன்னேன். செத்தவருக்கு நாளின் பெயர் வைப்பதைச் சொன்னபோது அக்கா தலையாட்டினார். உள்ளே இருக்கும் எழுத்தைச் சொன்னேன். பிறகு அடிக்கு வந்தேன்.

"கையேட்டில் இவை ஓட்டை அடைத்த அடையாளங்கள் என்று இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நின்றேன். பயிற்சி நடத்தியவர் தலையை நிமிர்த்தினார். "அது பிழை என்று நினைக்கிறேன். ஓட்டை அளவெடுத்துக்கொண்டு வருவதில்லை. இவை மூன்றும் இரண்டு கால்களுக்குச் சரி நடுவில் இருக்கின்றன. இவை வார்க்கும்போதே வைத்த முண்டுகள்."

காப்பாட்சியர் முன்னுக்கு வந்தார். கோபமாக அல்ல, கூர்மையாகக் கேட்டார். "இதை எங்கே வாசித்தீர்கள்?"

"வாசிக்கவில்லை" என்றேன். "வைத்திருக்கிறேன்."

ஒருவருக்கும் விளங்கவில்லை. இனித் திரும்பிப் போக வழியில்லை என்று எனக்கு விளங்கியது. அக்காவைப் பார்க்காமல் கிடாரத்தின் பிதுங்கிய கண்களையே பார்த்துக்கொண்டு சொன்னேன். "என் விண்ணப்பத்தில் உள்ளது பொய். நான் மேற்பார்வையாளர் இல்லை. இருபத்திரண்டு வருடம் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் கோர் செய்தேன். முண்டு வைத்தேன். இது என் வேலை." சொல்லிக்கொண்டே சட்டையின் நீளக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டிவிட்டேன். ஏன் சுருட்டினேன் என்று தெரியாது. சாட்சி கேட்டதுபோல இருந்தது.

"முண்டும் உலோகம்தானே" என்றார் காப்பாட்சியர். "ஊற்றும்போது அது உருகிப்போய்விடாதா?"

அந்தக் கேள்வியில் என் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. இது எனக்குத் தெரிந்த கேள்வி. "மிகச் சின்னதாக வைத்தால் கரைந்துவிடும், கோர் விழுந்துவிடும். பெரிதாக வைத்தால் சுற்றிவரும் உலோகத்தோடு ஒட்டாது, பிறகு கழன்று விழும். மேல்தோல் மட்டும் இளகி ஒட்டிக்கொள்கிற அளவு ஒன்று இருக்கிறது. அந்த அளவு தெரிந்தவர்தான் வேலைக்காரர். இதை வைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது."

காப்பாட்சியர் ஒரு சின்ன ரோர்ச் லைற்றை வாங்கினார். நல்ல கம்பளிக் காற்சட்டை போட்டிருந்தார், அதோடு அப்படியே தரையில் மல்லாந்து படுத்து அடியைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். எழும்பித் தூசியைத் தட்டிக்கொண்டு, தான் படித்தது ஓவியம் என்றும், இப்படியான துண்டுகள் வைத்து வார்ப்பது சீனரின் பழைய முறை என்று புத்தகத்தில் அறிந்திருந்தாலும், இந்தப் பாத்திரத்தின் அடியை ஒருவரும் திரும்ப ஆராயவில்லை என்றும் சொன்னார். பழைய அட்டையில் யாரோ எழுதியதைப் பார்த்துப் பார்த்துப் பிரதி பண்ணி வந்திருக்கிறார்களாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். பட்ஜைப்பற்றி ஒருவரும் பேசவில்லை.

கோட்டு மாட்டும் இடத்தில் அக்கா எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"ஒபிஸ் எண்டு சொன்னனீர்."

"ஓம் அக்கா. பொய் சொன்னனான்."

என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "எனக்கு முதல் நாளே தெரியும். தேத்தண்ணிக் கோப்பையை நீர் பிடிச்ச பிடியில தெரிஞ்சுது. உது பேனை பிடிச்ச கையே?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப ஏன் அக்கா ஒண்டும் கேக்கேல்லை?"

"நீராச் சொல்லுவீர் எண்டு பாத்தன். இவ்வளவு வடிவாச் சொல்லுவீர் எண்டு நினைக்கேல்லை" என்றார். சால்வையைச் சரிசெய்துகொண்டு, தனக்குக் கண் கலங்கவில்லை என்பதுபோல வேகமாக நடந்தார்.

ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். எக்ஸ்ரே படத்தைக் காப்பாட்சியர் தானே காட்டினார். மூன்றில் இரண்டு முண்டுகள்தான், சந்தேகமில்லை. மூன்றாவது உண்மையாகவே ஓட்டை அடைத்தது. அந்த இடத்தில் வைத்த முண்டு கழன்று விழுந்து, பிறகு உலோகம் ஊற்றி அடைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவதைக் கொஞ்சம் பெரிதாக வைத்துவிட்டான் மனுசன். எனக்கும் அப்படி விழுந்திருக்கிறது, பேச்சும் வாங்கியிருக்கிறேன். அதனால் அவன்மேல் பிரியம் கூடியதே தவிரக் குறையவில்லை.

பயிற்சி நடத்தியவர் என் விண்ணப்பத்தை எடுத்துவந்து மேசையில் வைத்து, ஒரு பேனையும் தந்தார். "இதைத் திருத்திவிட்டால் பட்ஜைத் தரலாம்" என்றார். தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளரை வெட்டிவிட்டு மேலே கோர் செய்பவர் என்று எழுதினேன். இருபத்திரண்டு வருடம் வாயால் சொல்லாததை எழுத ஒரு செக்கன்கூடப் பிடிக்கவில்லை. பட்ஜைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அஜக்ஸ் வரைக்கும் ரெயினில் வந்தேன். கழற்றவேண்டும் என்று தோன்றவேயில்லை. கணவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இனி உம்மோட கதைக்க ரிக்கற் எடுக்கவேணுமோ?" என்றார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை, எனக்குத் தெரியும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை என் சுற்றுக்குப் பதினைந்து பேர் வந்தார்கள். அதில் ஐந்து பேர் என் பழைய கோர் றூம் பெண்கள். விட்பியில் இருக்கும் மன்னார்க்காரி ஒருத்தி, பூசை முடிந்த கையோடு மற்ற நாலு பேரையும் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். பதினெட்டு வருடம் எனக்குப் பக்கத்து மேசையில் நின்று கோர் செய்தவள். அவளும் தன் ஊராரிடம் கொம்பனி என்றுதான் சொல்லிவைத்திருந்தாள். நான் அன்றைக்கு அரைக்கைச் சட்டை போட்டிருந்தேன்.

கிடாரத்துக்கு முன்னால் வந்ததும் எல்லோரையும் குனியச் சொன்னேன். முழங்கால் ஏலாதவர்கள் பக்கத்தில் நிற்பவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் கண்ணாடியைத் தொடவேண்டாம், தொட்டால் அறிக்கை எழுதுவார்கள், எனக்குத் தெரியும் என்றேன். பதினைந்து பேரும் குந்தினார்கள். என்னவோ ஏதோ என்று காவலாளி ஓடிவந்தார். முண்டுகளைக் காட்டினேன். எது நின்றது, எது விழுந்தது என்று காட்டினேன். காட்டி முடிந்ததும் தொப்பி போட்ட முதியவர் ஒருவர் குந்தியபடியே ஆங்கிலத்தில் கேட்டார்: "இதைச் செய்தது யார்?"

"செய்வித்தவர் பெயர் உள்ளே இருக்கிறது" என்றேன். "செய்தவர்கள் பெயர் தெரியாது. ஆனால் அவர்களுடைய வேலை எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் செய்தேன்."

மன்னார்க்காரி தரையில் கையூன்றி எழும்பினாள். கிடாரத்தை மேலும் கீழும் பார்த்தாள். மண்டபம் முழுவதும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்: "அப்ப உது எங்கட கோர் றூம் வேலையடி!"

மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் அவர்களுக்குச் சொன்னேன்.